பண்ணை நிலத்தில் இயந்திர யார்டு: அனுமதி வாங்குவது எப்படி?

மண்வேலை, கான்கிரீட், நிலவடிவமைப்புத் தொழில் செய்யும் அமெரிக்க வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வட கரோலினாவில் ஊருக்கு வெளியே 12 ஏக்கர் விலை பேசியிருக்கிறேன். வேளாண் ஸோனில் (விவசாயத்துக்கென வகுத்த பகுதியில்) உள்ள நிலம். இரண்டு எக்ஸ்கவேட்டர், ஒரு ஸ்கிட் ஸ்டியர் (சிறிய ஏற்றி இயந்திரம்), மூன்று டம்ப் டிரக், ஒரு லோபாய் டிரெய்லர் (கனரக இயந்திரம் ஏற்றும் தாழ்தள இழுவண்டி) ஆகியவற்றை நிறுத்தினால் போதும். கட்டடம் எதுவும் கட்டப்போவதில்லை. "உங்கள் நிலம், உங்கள் வண்டி, யார் கேட்கப்போகிறார்கள்?" என்கிறார் தரகர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. எந்த நிலத்தில் எது செய்யலாம் என்று சொல்லும் ஸோனிங் விதி, கட்டடம் வருகிறதா என்பதோடு நின்றுவிடாது. நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் அதன் முதல் கேள்வி. ஒப்பந்தத் தொழிலின் இயந்திரங்களை இரவில் கொண்டுவந்து நிறுத்தி, காலையில் ஆட்கள் வந்து எடுத்துப் போனால், அது 'கான்ட்ராக்டர்ஸ் யார்டு' (ஒப்பந்தக்காரரின் இயந்திர நிறுத்திடம்) அல்லது 'திறந்தவெளிக் கிடங்கு' என்ற பயன்பாட்டில் அடங்கிவிடும். வட கரோலினாவில் உண்மையான பண்ணைகளுக்குக் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) ஸோனிங்கிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு பண்ணை வேலைக்கு மட்டும்தான். வைக்கோல் விற்கிற நிலத்தில் நிற்பதால் உங்கள் எக்ஸ்கவேட்டர் பண்ணைக் கருவி ஆகிவிடாது.

கவுண்டியின் ஸோனிங் சட்டத்தில் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று வரையறைப் பகுதி. உங்கள் தொழிலை அவர்கள் எந்தப் பெயரில் அழைக்கிறார்கள் என்று அங்கே தெரியும். மற்றொன்று பயன்பாட்டு அட்டவணை. அதில் உங்கள் ஸோனின் பத்தியில் 'பி' என்று இருந்தால் விசாரணை வேண்டாம், அலுவலக அனுமதியே போதும். 'எஸ்' அல்லது 'சி' என்று இருந்தால் ஸ்பெஷல் யூஸ் பெர்மிட் எனப்படும் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி வேண்டும், பொது விசாரணை நடக்கும். கட்டம் காலியாக இருந்தால் பெரும்பாலும் தடை என்றே பொருள். எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அதனால் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

கட்டம் காலி என்றால் இரண்டு வழிகள் மிஞ்சும். நிலத்தின் ஸோனையே மாற்றக் கேட்பது ஒன்று. வேளாண் ஸோனில் இந்தப் பயன்பாட்டையும் சேர்க்கும்படி சட்ட வாசகத்தைத் திருத்தக் கேட்பது மற்றொன்று. 'வேரியன்ஸ்' வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம் போன்ற அளவுகளில்தான் வேரியன்ஸ் சலுகை தரும். அனுமதிக்கப்படாத பயன்பாட்டை அதன் வழியாக நுழைப்பதை வட கரோலினா சட்டம் நேரடியாகவே தடுக்கிறது.

இதையெல்லாம் வாங்கும் முன்பே செய்ய வேண்டும். கிரய ஒப்பந்தத்தில் "இந்தப் பயன்பாட்டுக்கு இறுதி அனுமதி கிடைத்து, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகே கிரயம்" என்று எழுதச் சொல்லுங்கள். கவுண்டியிடமிருந்து ஸோனிங் உறுதிக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். கவுன்டரில் இருப்பவர் வாய்ச்சொல்லாகச் சொன்னது பின்னாளில் உங்களைக் காப்பாற்றாது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம் பெரும்பாலான கவுண்டிகளில் உண்டு. அதற்கு ஒரு கையால் வரைந்த படமும் இயந்திரப் பட்டியலும் கொண்டு போனாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கேள்வி: விண்ணப்பத்தோடு ஸைட் பிளான் (நிலத்தில் எது எங்கே வரும் என்ற வரைபடம்) கேட்கிறார்கள். சர்வேயர் எல்லையை அளந்து கொடுத்துவிட்டார். அதில் ஒரு செவ்வகம் வரைந்து 'யார்டு' என்று எழுதினால் போதாதா?

பதில்: போதாது. விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு அந்த வெற்றுச் செவ்வகமே பெரிய காரணம். படத்தைப் பார்ப்பவருக்கு வண்டி எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது, மழைநீர் எங்கே போகிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிய வேண்டும்.

வாசலிலிருந்து தொடங்குங்கள். வட கரோலினாவில் கவுண்டிகளுக்கென்று சாலைகள் கிடையாது. கிராமப்புறத்துப் பொதுச் சாலைகள் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. எனவே வாசல் அனுமதியை மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் தனியாக வாங்க வேண்டும். அங்கே பார்ப்பது பார்வைத் தூரம், அதாவது சாலையில் வரும் வண்டி வாசலிலிருந்து எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பது. இடப்பக்கம் திரும்பிச் சாலையில் ஏற ஒரு காருக்கு 7.5 விநாடி இடைவெளி போதும். லோபாய் இழுக்கும் டிரக்குக்கு 11.5 விநாடி வேண்டும் என்பது நெடுஞ்சாலை வடிவமைப்பு நூல்கள் வைத்திருக்கும் கணக்கு. மணிக்கு 55 மைல் வேகச் சாலையில் அது சுமார் 930 அடி. காருக்கு 610 அடிதான். பழைய வீட்டு வாசல் காருக்குச் சரியாக இருந்திருக்கும். மேட்டுக்கு அப்பால் இருக்கும் அதே வாசல் உங்கள் டிரக்குக்குத் தேறாமல் போகலாம். நிலத்தின் முகப்பு நீளமாக இருந்தால் வாசலை மேட்டின் உச்சிக்கு நகர்த்துவதே மலிவான தீர்வு.

கேட்டைச் சாலை ஓரத்தில் வைக்காதீர்கள். டிராக்டர் எனப்படும் இழுக்கும் டிரக்கும் லோபாயும் சேர்ந்து 65 முதல் 75 அடி நீளம் வரும். ஓட்டுநர் இறங்கிப் பூட்டைத் திறக்கும்வரை வண்டி முழுவதும் சாலைக்கு வெளியே நிற்க வேண்டும் என்றால், கேட் குறைந்தது 80 அடி உள்ளே இருக்க வேண்டும். உள்ளே ஒரு வழிச் சுற்றாகப் பாதை அமையுங்கள். வண்டி பின்னால் எடுக்காமலே வெளியே வர முடிந்தால் நன்மை இரண்டு. ஒன்று பாதுகாப்பு. மற்றொன்றை அடுத்த கேள்வியில் பார்ப்போம். பெரிய டிராக்டர்-டிரெய்லரின் திருப்பத்துக்குச் சுமார் 45 அடி ஆரம் வேண்டும். அந்த வளைவை அளவோடு வரைந்து காட்டுங்கள்.

அடுத்து தளம். மண்மேல் நேராக ஜல்லி கொட்டினால் இரண்டு மழைக்காலத்தில் ஜல்லி சேற்றுக்குள் போய்விடும். மேல்மண்ணை எடுத்துவிட்டு, நெய்த ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் உடைத்த கல்லை 8 அங்குலம் பரப்பி உருட்ட வேண்டும். ஒரு ஏக்கருக்கு எவ்வளவு என்று பலர் கணக்குப் போடுவதில்லை. 43,560 சதுர அடியை 8 அங்குலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1,075 கன கஜம். கன கஜத்துக்கு ஒன்றரை டன் என்று வைத்தாலும் 1,600 டன். 20 டன் லோடில் 80 நடை. இந்த எண்ணிக்கையை நீங்களே விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள். வேலை தொடங்கும் வாரத்தில் சாலையில் வரிசையாக டிரக் வரும்போது அண்டை வீட்டார் முதல்முறையாக அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஜல்லித் தளம் தண்ணீரை உறிஞ்சும் என்று வாதிடாதீர்கள். டிரக் ஓடி இறுகிய ஜல்லியை நீர் புகாத் தளமாகவே பெரும்பாலான விதிகள் கணக்கிடுகின்றன. ஒரு அங்குல மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் சுமார் 27,150 கேலன். முன்பு புல்லில் இறங்கிய இந்த நீரில் பெரும்பகுதி இனி ஓடப்போகிறது. கீழ்ச்சரிவில் யார் வீடு, எந்த ஓடை என்று படத்தில் காட்டி, தேக்கக் குளத்தின் இடத்தையும் குறிக்க வேண்டும். ஒரு ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறினால் கூட்டாட்சிச் சட்டப்படி கட்டுமான மழைநீர் அனுமதியும் வேண்டும். இந்த ஆண்டு அரை ஏக்கர், அடுத்த ஆண்டு அரை ஏக்கர் என்று பிரித்தால் தப்பிக்க முடியாது. ஒரே திட்டத்தின் பகுதிகள் சேர்த்தே எண்ணப்படும்.

இன்னும் மூன்றைக் குறிக்க மறக்காதீர்கள்: வெள்ள அபாய எல்லை, சதுப்பு நிலம், செப்டிக் தொட்டியின் கழிவுநீர் மண்ணில் இறங்கும் வடிகால் களம். நிலத்தில் பழைய வீடு இருந்தால் செப்டிக் களமும் அதற்கு மாற்றாக ஒதுக்கிய இடமும் எங்கோ இருக்கும். அதன்மேல் ஒருமுறை டம்ப் டிரக் ஏறினாலே மண் இறுகிக் களம் கெட்டுவிடலாம். சுகாதாரத் துறைக் கோப்பில் பழைய வரைபடம் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் சிறப்புப் பயன்பாட்டு விசாரணை நெருங்குகிறது. அக்கம்பக்கத்தார் 20 பேர் சத்தம், தூசி, வீட்டு மதிப்பு என்று எதிர்க்கிறார்கள். எல்லையில் இரண்டு வரிசை மரம் நடுவதாகச் சொன்னேன். அடங்கவில்லை. என்ன செய்வது?

பதில்: மரம் பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்குப்படி, அடர்த்தியான மரக்கூட்டம் 200 அடி அகலத்துக்கு இருந்தால்தான் சுமார் 10 டெசிபல் குறையும். இரண்டு வரிசை சைப்ரஸ் மரத்தால் காதுக்கு ஒரு பயனும் இல்லை. இது எதிர்ப்பவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். நீங்கள் அதையே தீர்வாகச் சொன்னால் உங்கள் மற்ற வார்த்தைகளும் எடுபடாமல் போகும்.

சத்தத்தைக் குறைப்பவை தூரமும் மண்மேடும். ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரத்தின் சத்தம், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 50 அடியில் 85 டெசிபல் என்றால் 100 அடியில் 79, 200 அடியில் 73, 400 அடியில் 67. எனவே யார்டை நிலத்தின் நடுவிலோ, வீடுகள் இல்லாத பக்கத்திலோ தள்ளுங்கள். அதோடு, இயந்திரத்தைக் கேட்பவரின் கண்ணிலிருந்து மறைக்கும் உயரத்துக்கு ஒரு மண்மேடு எழுப்பினால் இன்னும் 5 டெசிபல் குறையும். மேட்டுக்கு எவ்வளவு இடம் போகும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 8 அடி உயரம், மூன்றுக்கு ஒன்று சரிவு (3 அடி அகலத்துக்கு 1 அடி ஏற்றம்), உச்சியில் 4 அடி சமதளம் என்றால் அடியகலம் 52 அடி. எல்லையோரம் விடும் 30 அடி இடைவெளிப் பட்டையில் அது அடங்காது. புல் வளர்த்து வெட்ட முடியாத அளவுக்குச் செங்குத்தாகக் குவித்த மேடு முதல் பெருமழையில் கரைந்து வேலிக்குள் வந்துவிடும்.

அதிகாலையில் மக்களை எழுப்புவது எஞ்சினைவிட அந்தப் 'பீப் பீப்' ஒலிதான். அதைப் பிடுங்கிவிடுகிறேன் என்று விசாரணையில் சொல்லிவிடாதீர்கள். பின்பக்கப் பார்வை மறையும் இயந்திரம் பின்னால் வரும்போது, சுற்றுச் சத்தத்தை மீறிக் கேட்கும் எச்சரிக்கை ஒலியோ வழிகாட்டும் ஆளோ இருக்க வேண்டும் என்பது தொழிலகப் பாதுகாப்பு விதி. 'ஷ்ஷ்' என்று இரையும் பிராட்பேண்ட் வகை ஒலிப்பான்களை மாட்டலாம். அவற்றின் ஒலி பின்னால் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், தூரத்தில் சீக்கிரம் மங்கிவிடும். நாம் முன்பு சொன்ன ஒரு வழிச் சுற்றுக்கு இரண்டாவது நன்மை இதுதான். பின்னால் எடுக்கும் தேவையே பெரும்பாலும் இராது.

பிறகு, நிபந்தனைகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். மக்கள் பயப்படுவது உங்கள் இரண்டு எக்ஸ்கவேட்டருக்காக மட்டும் இல்லை. பத்தாண்டு கழித்து அங்கே கல் உடைக்கும் ஆலை வந்துவிடுமோ என்பது அவர்களின் அச்சம், அதில் நியாயமும் உண்டு. இயந்திரங்களின் உச்ச எண்ணிக்கை, வண்டி புறப்படும் நேரம், ஞாயிறு விடுமுறை, கான்கிரீட் உடைப்போ இடிபாட்டுக் குவியலோ சில்லறை விற்பனையோ இல்லை, விளக்குகள் கீழ்நோக்கி மட்டும், வறண்ட நாளில் தண்ணீர் தெளிப்பு என்று எழுதுங்கள். எண்ணிக்கையில் இன்று இருப்பதை மட்டும் எழுதாதீர்கள். ஐந்தாண்டு வளர்ச்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏழு வண்டிக்கு அனுமதி வாங்கி எட்டாவதை நிறுத்தினால் அதுவே மீறல். புயல் மீட்பு, பனி அகற்றல் போன்ற அவசர வேலைக்கு நேர விலக்கும் முன்கூட்டியே கேளுங்கள்.

வட கரோலினா போன்ற மாநிலங்களில் இந்த விசாரணை நீதிமன்றத்தைப் போன்றது. வாக்கு எண்ணிக்கையால் முடிவாகாது, சாட்சியத்தால் முடிவாகும். அதனால் விசாரிக்கும் குழுவின் உறுப்பினர்களை முன்னதாகத் தொலைபேசியில் அழைத்துப் பேசக் கூடாது. பேசினால் உங்கள் அனுமதியே பின்னால் ரத்தாகலாம். பக்கத்து நிலத்தின் மதிப்பு கணிசமாகக் குறையாது, பொதுப் பாதுகாப்புக்குக் கேடில்லை, சுற்றுப்புறத்தோடு பொருந்துகிறது என்று சட்டம் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். மதிப்புக்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர், சாலைக்குப் போக்குவரத்துப் பொறியாளர். "என் வீட்டு விலை விழும்" என்று அண்டை வீட்டார் சொல்வது அங்கே தகுதியான சாட்சியம் ஆகாது. "விழாது" என்று நீங்கள் சொல்வதும் அப்படித்தான். பிடிவாதமாக வாதாடிப் பார்க்க நினைப்பவர்கள் இந்த ஒரு செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: யார்டில் 1,000 கேலன் டீசல் தொட்டி, ஐந்து 55 கேலன் டிரம் ஹைட்ராலிக் ஆயில், 250 கேலன் பழைய எண்ணெய்த் தொட்டி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் கூட்டிப் பாருங்கள். 55 கேலன் முதல் மேலுள்ள ஒவ்வொரு கொள்கலனும் கணக்கில் வரும். எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு கொள்ளும் என்பதையே பார்க்கிறார்கள். 1,000, 275, 250 சேர்ந்து 1,525. தரைக்கு மேல் 1,320 கேலனைத் தாண்டி, சிந்தினால் ஓடைக்குப் போகும் வாய்ப்பும் இருந்தால், கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையின் எண்ணெய்ச் சிதறல் தடுப்புத் திட்டம் உங்களுக்குக் கட்டாயம். வண்டிகளின் சொந்த எரிபொருள் தொட்டிகள் இதில் சேராது. ஹைட்ராலிக் ஆயிலை 30 கேலன் கலன்களில் வாங்கினால் அந்த 275 கழிந்து எல்லைக்குள் வந்துவிடுவீர்கள். திட்டம் தேவைப்பட்டாலும் பயப்பட வேண்டாம். மொத்தம் 10,000 கேலனுக்கு மேல் போகாமல், அண்மையில் பெரிய சிதறல் எதுவும் நடக்காமல் இருந்தால், பொறியாளர் இல்லாமல் நீங்களே சான்றளிக்கலாம்.

திட்டம் வேண்டுமோ வேண்டாமோ, டீசல் தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டுங்கள். உள்ளளவு 12 அடிக்கு 10 அடி உள்ள கான்கிரீட் தடுப்புக்குள் 1,000 கேலன் டீசல் சிந்தினால் 13 அங்குலத்துக்குச் சற்று மேல் ஏறும். மழைக்கு 6 அங்குலம் சேர்த்தால் சுவர் 20 அங்குலம். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, மழைநீரை வடிக்கத் திறந்த வால்வை அப்படியே விட்டுவிடுவது. அப்புறம் சுவர் இருந்தும் இல்லாத கதைதான். வால்வைப் பூட்டி வையுங்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்த பிறகே திறந்து, கையோடு மூடுங்கள். பழைய எண்ணெய்த் தொட்டியில் 'யூஸ்டு ஆயில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். 'வேஸ்ட் ஆயில்' என்று எழுதினால் ஆய்வாளர் குறை எழுதுவார்.

கேள்வி: நிலத்தை வாங்கி ஓராண்டாக யார்டு நடத்துகிறேன். இப்போது மீறல் அறிவிப்பு வந்துவிட்டது. முந்தைய உரிமையாளரும் லாரிகள் நிறுத்தியவர்தான். பழைய பயன்பாடு என்று விலக்குக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். நிரூபிப்பது கடினம். ஸோனிங் விதி வந்த தேதிக்கு முன்பே அந்தப் பயன்பாடு சட்டப்படி இருந்தது, அன்றிலிருந்து விட்டுப்போகாமல் நடந்தது என்ற இரண்டையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். பழைய வான்படங்கள், வண்டிக் காப்பீடு, பழுது பார்த்த பில்கள், அந்தக் காலத்து ஊழியர்களின் பிரமாணப் பத்திரங்கள் உதவும். பல விதிகளில் 6 மாதமோ ஓராண்டோ நின்றிருந்தாலே உரிமை போய்விடும். இன்னொன்று: இரண்டு லாரிக்கு உரிமை இருந்தால் அது இரண்டு லாரிக்குத்தான். நீங்கள் சேர்த்த எக்ஸ்கவேட்டரை அது காக்காது.

அறிவிப்பில் உள்ள மேல்முறையீட்டுக் கெடுவை இன்றே பாருங்கள். வட கரோலினாவில் அது 30 நாள். கெடு தவறினால் மீறல் உண்மை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். முறையாக மேல்முறையீடு செய்தால் பொதுவாக அது முடியும்வரை நடவடிக்கை நிற்கும். அதோடு, அலுவலரைச் சந்தித்து ஒரு கால அட்டவணை கொடுங்கள்: எந்தத் தேதிக்குள் எத்தனை இயந்திரம் வேறிடம் போகும், எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் வரும் என்று. எழுதிக் கொடுத்தவருக்கு அவகாசம் கிடைப்பது எளிது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது புதிதாக ஒரு லோடு ஜல்லிகூடக் கொட்டாதீர்கள்.

கேள்வி: டெக்ஸஸில் கவுண்டிக்கு ஸோனிங்கே இல்லை என்கிறார்கள். அப்படியானால் எந்த அனுமதியும் வேண்டாமா?

பதில்: நகர எல்லைக்கு வெளியே டெக்ஸஸ் கவுண்டிகளுக்குப் பொதுவான ஸோனிங் அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் கிரயப் பத்திரத்தில் உள்ள கட்டுப்பாடுகள் உங்களைப் பிடிக்கும். பத்திரச் சரித்திரத்தை வாங்கும் முன் முழுதாகப் படியுங்கள். வெள்ளப்பகுதி அனுமதி, மாநிலச் சாலையில் வாசல் அனுமதி, செப்டிக் அனுமதி, ஒரு ஏக்கர் கிளறினால் மழைநீர் அனுமதி எல்லாம் அங்கேயும் உண்டு. ஒன்று முதல் ஐந்து ஏக்கருக்குள் என்றால் மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் தயாரித்து, தள அறிவிப்பைப் பார்வையில் ஒட்ட வேண்டும். ஸோனிங் இல்லாத இடத்திலும் தூசியும் இரைச்சலும் எல்லை மீறினால் அண்டை வீட்டார் தொல்லை வழக்குப் போடலாம்.

கேள்வி: யார்டுக்கு அனுமதி கிடைத்தால் விவசாய வரிச் சலுகை போய்விடுமா?

பதில்: யார்டு ஆகும் பகுதிக்குப் போகும், பழைய சலுகையையும் திருப்பிக் கேட்பார்கள். டெக்ஸஸில் முந்தைய மூன்றாண்டு வரி வித்தியாசம். வட கரோலினாவில் நடப்பாண்டோடு முந்தைய மூன்றாண்டும் வட்டியும். ஜார்ஜியாவில் நிலத்தைப் பண்ணையாகவே வைத்திருப்பதாக உறுதி தரும் 'பாதுகாப்புப் பயன்பாட்டு உடன்படிக்கை' பத்தாண்டுக்கானது. இடையில் மீறினால் அபராதம் கடுமை, அதனால் உடன்படிக்கை எந்த ஆண்டு முடிகிறது என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 12 ஏக்கரில் இரண்டு ஏக்கர்தான் யார்டு என்றால், அந்த இரண்டை மட்டும் சர்வே செய்து எல்லை குறித்து விண்ணப்பியுங்கள். மீதிப் பத்து ஏக்கரில் வைக்கோல் வெட்டுவது தொடர்ந்தால், அந்தப் பகுதியின் சலுகையைத் தக்கவைக்கும் வாய்ப்பு உண்டு. குறைந்தபட்சப் பரப்பு விதியை மட்டும் வரி அலுவலகத்தில் முதலில் சரிபாருங்கள்.